டல்லாஸ் பக்கம் மாச வாடகை டிரக் யார்டு: ஆறு மாசம் நிறுத்திப் பாத்துட்டு எழுதுறேன்

மூணு வாரம் ரோட்ல ஓடிட்டு நாலு நாள் வீட்டுக்கு வர்றோம், அந்த நாலு நாளும் வண்டி எங்க நிக்கும்ங்கிற கவலையிலயே பாதி லீவு போயிடுது. எங்க வீடு டல்லாஸுக்கு வடக்க பிளேனோல, ஹெச்ஓஏ காலனி, அதாவது வீட்டுக்காரங்க சங்கம் ரூல் போடுற காலனி. அங்க பெரிய பிக்கப் நின்னாலே லெட்டர் போடுவாங்க, 53 அடி டிரெய்லரோட 70 அடிக்கு மேல வர்ற வண்டியப் பத்தி பேசவே வேணாம். டிரெய்லரக் கழட்டிட்டு வெறும் டிராக்டரோட, பாப்டெயிலா வந்து டிரைவ்வேல விட்டா என்னன்னு கேட்டாங்க ஒரு நண்பர், அந்த டிராக்டர் மட்டுமே எட்டு டன் பக்கம் வரும், காங்கிரீட் விரிசல் விட்டா யாரு காசு குடுக்கிறது?

டிரக் ஸ்டாப்ல விடலாம்னா சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் ஃபுல்லு, அதுவும் நாலு நாள் ஆளில்லாம நின்னா டோ பண்ணிடுவாங்க, நியாயமாப் பாத்தா அந்த எடம் பத்து மணி நேர பிரேக் எடுக்க அலையிற டிரைவருக்கானது. இந்த நாட்டுல 11 டிரக்குக்கு ஒரு பார்க்கிங் எடம் தான் இருக்குன்னு அமெரிக்கன் டிரக்கிங் அசோசியேஷன்ஸே சொல்லுது. 2009ல ஜேசன் ரிவன்பர்க்னு ஒரு டிரைவர் சவுத் கரோலினால எடம் கெடைக்காம மூடிக் கெடந்த கேஸ் ஸ்டேஷன்ல நிறுத்தித் தூங்கும்போது அவர சுட்டுக் கொன்னுட்டாங்க, டிரக் பார்க்கிங்க கூட்டுறதுக்காக அவர் பேர்ல 2012ல ஜேசன்ஸ் லா கூட வந்துச்சு, ஆனா ராத்திரி சுத்திப் பாருங்க, இன்னும் ஹைவேல ஏறி எறங்குற ராம்ப்ல தான் வரிசையா நிக்கிறாங்க.

சரி, யார்டுக்கு வர்றேன். பேரு போடல. டல்லாஸுக்குத் தெக்க, ஐ-45 ஹைவேல ஹட்சின்ஸ் பக்கம், மாசம் 250 டாலர். வீட்ல இருந்து 30 மைலு, வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா ஒரு மணி நேரம் தாண்டிடும்.

மொத நல்ல விஷயம், நான் ரோட்ல இருக்கிறப்போ அதே ஸ்லாட்ல என் கார விட்டுக்கலாம். இத முன்னாடியே கேட்டுக்கணும், சில எடத்துல காருக்குத் தனியா காசு வாங்குறாங்க, இல்லன்னா வீட்டுக்காரிய ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி திட்டு வாங்கணும். அடுத்து ஸ்லாட்டுக்கு முன்னாடி நல்ல எடம் இருக்கு, ஒரே தடவைல பேக் அடிச்சிடலாம். லைட் பளிச்னு இருக்கு, கேமரா இருக்கு.

இப்போ கொறை. தரை பூராவும் சரளைன்னு சொல்லித் தான் குடுத்தாங்க, ஆனா பின் வரிசைல சரளை பேருக்குத் தான், கீழ இருக்கிறது நம்ம கோவில்பட்டி கரிசல் மாதிரியே கறுப்பு மண்ணு, மழை பேஞ்சா டயரப் புடிச்சு வச்சுக்கும். நான் லோடு இல்லாத டிரெய்லரத் தான் கழட்டி விட்டேன், நாலு நாள் கழிச்சு வந்து பாத்தா லேண்டிங் கியர், அதான் டிரெய்லர் முன்னாடி ஊணி நிக்கிற காலு, ஒரு பக்கம் அரை அடி எறங்கிக் கெடக்கு. பக்கத்து ஸ்லாட் பஞ்சாபி பாஜி தான் சிரிச்சுக்கிட்டே ரெண்டு தடி பலகை குடுத்தாரு, அதுல இருந்து காலுக்கு அடியில பலகை வைக்காம நான் கழட்டுறதே இல்ல. வெயில் காலத்துல தாரு தரையிலயும் இதே கதை தான், தாரு எளகிடும்.

24 மணி நேர கேட்டுன்னு போர்டு வச்சிருக்காங்க. ஒரு சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு கேட்டத் தெறக்க கோடு அடிக்கிற கீபேட் செத்துக் கெடந்துச்சு, ஃபோன் எடுக்க ஆளில்ல, ஒன்றரை மணி நேரம் கேட்டு வாசல்லயே நின்னேன். அத விடப் பெரிய கடுப்பு கெளம்புற அன்னைக்கு. ஏழு மணிக்கு லோடிங் அப்பாயின்ட்மென்ட், அஞ்சரைக்குப் போறேன், என் மூஞ்சிக்கு நேரா யாரோ டிரெய்லரக் குறுக்க விட்டுட்டுப் போயிருக்காங்க. ஆஃபீஸ் எட்டு மணிக்குத் தான் தெறக்கும். அந்த லோடு போச்சு. மேனேஜர் மன்னிப்பு கேட்டு ஒரு வார வாடகையக் கழிச்சாரு, அத ஒத்துக்கணும், ஆனா போன லோடுக்கு 60 டாலர் எந்த மூலைக்கு?

இன்னொன்னு, காண்ட்ராக்ட்ல சின்ன எழுத்துல திருட்டுக்கு நாங்க பொறுப்பில்லன்னு இருக்கு. கேமரா பாத்துக்கிட்டு தான் இருக்கும், டீசல் போற வரைக்கும். டிரெய்லர வேற யாரும் மாட்டி இழுத்துட்டுப் போகாம இருக்க கிங்பின் லாக் நம்மளே வாங்கிப் போடணும், லோடு உள்ள டிரெய்லர அங்க விடுறதா இருந்தா மொதல்ல இன்சூரன்ஸ்காரங்க கிட்ட கேட்டுக்குங்க. கரண்ட் பாயிண்ட் கெடையாது, ஜனவரில அஞ்சு நாள் நின்னு பேட்டரி படுத்து ஜம்ப் போட ஆள் கூப்பிட்டேன்.

அஞ்சுக்கு மூணு குடுப்பேன். இன்னும் அங்க தான் நிறுத்துறேன், ஆனா அடம் புடிச்சு முன் வரிசைக்கு மாறிட்டேன், கேட்டுக்கு நேரா, குறுக்க யாரும் விட முடியாத மூலை. எடுக்கப் போறவங்க மழை பேஞ்ச மறுநாள் போய் பின் வரிசைல நடந்து பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க, நல்ல ஷூ போட்டுக்கிட்டுப் போகாதீங்க.