கண்மாய்க் காட்டில் திசைகாட்டிப் பயிற்சி: சேரலாமா?

காரைக்குடிப் பக்கத்து நடைக்குழு ஒன்று, வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி பிடிக்க ஒருநாள் பயிற்சி தருகிறது. கானாடுகாத்தானைச் சுற்றியுள்ள கண்மாய்களும் பொட்டல்களும்தான் களம். சமவெளியில் நடக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது பாதிப் பாடம்தான்.

ஆளுக்கொரு சர்வே ஆஃப் இந்தியா (இந்திய நில அளவைத் துறை) வரைபடத் தாள் தருகிறார்கள். பழைய எண்படி 58 ஜே/16. அளவு 1:50,000, அதாவது 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. சொந்தமாகப் பிடிஎஃப் அச்செடுத்து வருபவர்கள் 100 சதவீத அளவிலேயே எடுக்க வேண்டும். தாளுக்குள் அடங்கச் சுருக்கிவிட்டால் அளக்கும் தூரமெல்லாம் தப்பு.

கோணம் எடுக்கும் பாடம் நிதானமாக நடக்கிறது. திசைகாட்டியின் விளிம்பைப் புறப்படும் இடத்துக்கும் சேருமிடத்துக்கும் ஒட்டி வைத்து, அடித்தட்டில் உள்ள அம்புக்குறி சேருமிடத்தைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். பிறகு டிகிரி குறித்த சுழலும் வட்டைத் திருப்பி, அதன் உள்கோடுகளை வரைபடத்தின் வடக்கு தெற்குக் கோடுகளோடு இணையாக்க வேண்டும். இந்தப் பகுதியில் காந்த வடக்கு, அதாவது முள் காட்டும் வடக்கு, உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 2 டிகிரி மேற்கே விலகியிருப்பதால் கிடைத்த கோணத்தோடு 2 கூட்ட வேண்டும். கழித்துவிட்டால் பிழை 4 டிகிரி, 1 கி.மீ. போவதற்குள் 70 மீட்டர் விலகிவிடுவோம். வட்டின் வடக்குக் குறியைத் தெற்கே வைத்துவிடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்வது. அதில் நேர் எதிர்த்திசைக்கே போய்விடுவோம், 180 டிகிரி.

பயிற்சியின் உச்சம் மடை தேடுவது. மடையை நேராகக் குறிவைத்துப் போனால், கரையில் ஏறி நிற்கும்போது அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. அதனால் வேண்டுமென்றே 5 டிகிரி வலப்புறம் தள்ளி நடக்கச் சொல்கிறார்கள். கரை தட்டியதும் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பினால் மடை வந்துவிடும். சீமைக்கருவேல் அடைத்த இடத்தில் நேர்கோட்டில் போகவே முடியாது; அங்கே 90 டிகிரி திரும்பி, வைக்கும் அடிகளை எண்ணி நடந்து, புதரைக் கடந்து, அத்தனை அடிகளைத் திரும்ப நடந்து பழைய கோட்டைப் பிடிக்கும் பயிற்சியும் உண்டு. இதைச் சொல்லித்தரச் செட்டிநாட்டை விடத் தோதான இடம் கிடையாது.

குறை என்றால் குழு இரவல் தரும் திசைகாட்டிகள். சில ஐரோப்பாவுக்கென்று முள்ளின் எடை சரிசெய்தவை. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் முள்ளின் தென்முனை தாழ்ந்து, அடித்தட்டில் உரசி, பாதியில் நின்றுவிடுகிறது. சொந்தமாக வாங்குவதானால் எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும் முள் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கோணம் பார்க்கும்போது கைபேசி, பைக், முள்கம்பி வேலி எல்லாம் தள்ளியிருக்கட்டும். செட்டிநாட்டு வீட்டு முகப்பின் இரும்புக் கம்பிகளும் முள்ளை இழுக்கும். அதை நேரில் காட்டிவிட்டே தெருவிலிருந்து கிளப்புகிறார்கள், நல்ல வழக்கம்.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் பற்றிய பாடம்தான் பெயரளவுக்கு. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர இடைவெளியுள்ள தாளில் இந்தத் தரை கிட்டத்தட்ட வெறுமையாகத்தான் இருக்கும். முகடு, பள்ளம், சரிவு எதுவும் கைவராது. இரண்டாம் நாளாகப் பிரான்மலையைச் சேர்த்தால் இந்தக் குறை தீரும். குழுவினர் யோசிக்க வேண்டும்.

முழுக்கால் சட்டையும் கனத்த அடிப்பாகமுள்ள காலணியும் கட்டாயம். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.