நான்காம் எண்ணில் ஒரு குக்கர் விசில்

சென்ற வாரம் என் செல்பேசி செத்துப் பிழைத்தது. சிங்காரத்தோப்பில் பழுதுபார்க்கும் கடைக்காரர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உள்ளே முக்கியமாக என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டார். வாடிக்கையாளர்களின் எண்கள், பேத்தியின் படங்கள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். "22 நிமிட ஆடியோ ஒன்று" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, சிரிப்பை மென்று விழுங்கினார். ஐந்து நாளும் 2,800 ரூபாயும் போயின. ஆடியோ திரும்பி வந்தது.

இதைக் கேள்விப்பட்ட பழைய நண்பன் ஒருவன் உடனே அழைத்தான். "ஹிப்னாடிசமாடா? வேலை செய்கிறதா? நானும் போகலாமா?" முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஆமாம் என்று சொல்லி முடித்துவிட்டேன். மூன்றாவதற்குத்தான் இத்தனை எழுத வேண்டியிருக்கிறது.

நான் வரி ஆலோசகன். மாதத்தில் எனக்கு இரண்டே தேதிகள்தாம், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலின் கடைசி நாட்கள்: 11, 20. இருபதாம் தேதி இரவு, ஜிஎஸ்டி தளத்தில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, மீதி ஏழு பேரின் கணக்கு கையில் இருக்க, நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு இருபதாம் தேதி மாரடைப்பு என்றே நம்பி மருத்துவமனைக்கு ஓடினேன். ஈசிஜி சரியாக இருந்தது, தைராய்டும் சரியாக இருந்தது. "இது பதற்றம்" என்றார் மருத்துவர். அவர் அனுப்பிய உளவியலாளர் ஹிப்னாடிச சிகிச்சையிலும் பயிற்சி பெற்றவர். ஒரு முறைக்கு 1,500 ரூபாய் வீதம் ஆறு முறை போனேன். மூன்றாம் முறை, வீட்டில் தினமும் கேட்கச் சொல்லி என் செல்பேசியிலேயே பதிவு செய்து கொடுத்தார்.

மேடையில் சுண்டுவிரலை ஆட்டி ஆளைக் கோழியாக்கும் வித்தையை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். நினைவு தப்பாது, வேண்டும்போது கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். ஹிப்னாடிசம் என்ற ஆங்கிலப் பெயரைப் பரப்பிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, கிரேக்கரின் உறக்கத் தெய்வம் ஹிப்னாஸை நினைவூட்டும் அந்தச் சொல்லை 1843-இல் புத்தகத்தில் ஏற்றிவிட்டு, இது உறக்கமே இல்லையே என்று பிறகு மாற்றப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எங்கள் ஸ்ரீரங்கத்தில் அவருக்கு நல்ல சொல் கிடைத்திருக்கும்: அறிதுயில். பெருமாள் பாம்பணையில் கண்மூடிப் படுத்திருப்பார். எதுவும் அவர் காதுக்குத் தப்பாது. ஏறக்குறைய அப்படித்தான்.

அப்படிக் காதுக்குத் தப்பாததுதான் என் வழக்கு.

அந்த உளவியலாளரின் அறை ஒரு வீட்டின் முன்கட்டு. பின்கட்டில் குடும்பம் இருந்தது. பதிவில் முதலில் கண் கனக்கும், தோள் தளரும், பிறகு பத்துப் படிகள் இறங்க வேண்டும். பத்து, ஒன்பது என்று குரல் நிதானமாக இறங்கிவரும். "ஐந்து... இன்னும் ஆழமாக... நான்கு..." என்றதும் ஒரு குக்கர் விசில். தூரத்து விசில்தான், ஆனால் முழு விசில். குரல் நிற்கவில்லை. "மூன்று" மட்டும் கொஞ்சம் அவசரமாக வரும், அவருக்கும் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டதைப் போல.

முதல் மூன்று மாதங்கள் இந்த விசில் என்னைக் கொன்றது. பத்தாம் படியிலேயே அதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவேன். ஏழு வந்ததும் தாடை இறுகும். அமைதிக்காகப் பணம் கொடுத்து, தினமும் இரவில் ஒரு குக்கருக்காகப் பயந்துகொண்டிருந்தேன். 1845-இல் வங்காளத்து ஹூக்ளியில், மயக்க மருந்து வராத காலத்தில், எஸ்டெய்ல் என்ற அறுவை மருத்துவர் இதன் முன்னோடியான மெஸ்மர் முறையில் ஆட்களைப் படுக்கவைத்துப் பெரிய பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். அவர்கள் கத்தியையே பொறுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு விசில் பொறுக்கவில்லை.

கேட்டால் உளவியலாளர் மறுபதிவு செய்து கொடுத்துவிட்டார், கட்டணம் வாங்காமல். அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. புதிய பதிவில் விசில் இல்லை, பின்னணியில் புல்லாங்குழல், குரலும் துல்லியம். பத்து நாள் கேட்டேன். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருப்பவனைப் போலப் படுத்திருந்தேனே தவிர, ஒரு படிகூட இறங்கவில்லை. பதினோராம் நாள் கோபத்தில் பழையதைப் போட்டேன். நான்கு என்றதும் விசில். தோள்கள் இரண்டும் தாமாகத் தொப்பென்று விழுந்தன. எந்தச் சத்தத்தை மூன்று மாதம் திட்டினேனோ, அந்தச் சத்தத்திற்கே உடம்பு பழகி வைத்திருந்தது.

இதற்குப் பக்கவிளைவும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பருப்பை ஏற்றிவிட்டு, "நான்கு விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள்" என்று கோயிலுக்குப் போனாள். முதல் விசிலுக்கே நாற்காலியில் தளர்ந்துவிட்டேன். அதன்பின் எத்தனை விசில் வந்ததென்று தெருவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. குக்கரின் அடி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. "இதற்கா ஒன்பதாயிரம் கொடுத்தீர்கள்?" என்று தேய்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

இப்போது குறைகள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது இந்த ஆடியோ எதற்கும் உதவாது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கிவிடும் ஒன்றுக்கு, 22 நிமிடம் எங்கே போய்ப் படுப்பது? அப்போது கைகொடுப்பது மூச்சுதான். நான்கு எண்ணும்வரை இழுத்து, எட்டு எண்ணும்வரை விடுகிறேன். மூச்சு வெளியே போகும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும் என்பது உடம்பின் இயல்பு. வெளிமூச்சை நீட்டுவதன் சூட்சுமம் அவ்வளவே. உள்ளே அடக்கிப் பிடிக்கும் கணக்குகள் எனக்கு இருமலைத்தான் கொடுத்தன. இன்னொன்று, அமெரிக்க மருத்துவர் ஜேக்கப்சன் சொல்லிக்கொடுத்த தசைப் பயிற்சி: ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு தளர்த்துவது. வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மேசைக்கடியில் கால்விரல்களை மட்டும் மடக்கி விரிக்கிறேன். யாருக்கும் தெரியாது.

மாலை மூன்று மணிக்குப் பிறகு காபியை நிறுத்தியது இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்ததோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். நான் இரவு எட்டு மணிக்கு இரண்டாம் டிகாக்‌ஷன் குடித்துக்கொண்டிருந்த ஆள். அமுக்கரா சூரணத்தை இரண்டு பேர் சிபாரிசு செய்தார்கள். கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியிருப்பதாக மருத்துவர் சொன்னதால் தொடவில்லை. இயற்கை என்று டப்பாவில் எழுதியிருந்தால் எதையும் விழுங்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதே ஆர்வத்தில், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை ஆடியோ வந்துவிட்டதென்று நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நள்ளிரவில் தனியாகத் திணறுகிறவர்கள் என் விசில் கதையைப் படித்துக்கொண்டிருக்காமல் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவிச் சேவை, கட்டணம் கிடையாது.

செல்பேசி கடையில் கிடந்த ஐந்து நாட்களில் ஓர் இருபதாம் தேதி வந்தது. இரவு பத்தரைக்கு, எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் நானே மனத்துக்குள் எண்ணினேன். அந்தக் குரலில்தான் எண்கள் வந்தன. நான்கில் விசிலும் வந்தது, வீட்டில் அடுப்பே எரியாதபோது. தோள் விழுந்தது. அப்படியானால் அந்த 2,800 ரூபாயை எதற்குக் கொடுத்தேன் என்று எண்ணி எண்ணி அன்றிரவு ஒரு மணிவரை தூங்கவில்லை.

நண்பனிடம் போகாதே என்றே சொல்லிவிட்டேன். அவனுடைய கவலை வீட்டுக்கடன் தவணை. எத்தனை படி இறங்கினாலும் வங்கி ஐந்தாம் தேதி பிடித்துக்கொள்ளும். முதலில் ரத்த அழுத்தம் பார், சாயங்காலக் காபியை விடு, மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்றேன். "இவ்வளவு பேசுகிறாயே, நீ ஏன் அந்த ஆடியோவை விடமாட்டேன் என்கிறாய்?" என்றான். விடவில்லைதான். கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மகளின் செல்பேசியில் ஒன்று என்று மூன்று படிகள் எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, எனக்கும் அனுப்பு என்று விடாமல் கேட்டான். விசில் பதிவைக் கொடுக்க மனம் வரவில்லை. உளவியலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, புல்லாங்குழல் பதிவை அனுப்பினேன். மறுநாள் காலையில் பதில் வந்தது. ஆறாம் படிக்கு முன்பே தூங்கிவிட்டானாம். அந்தப் புல்லாங்குழல் அபாரமாம்.