பல வருட ஓட்டத்தில் என் காரின் பிரேக்

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் வைத்த சாதாரணக் கார்தான் என்னுடையது. வாங்கிய நாளிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். சக்கரத்தைக் கழற்றி வேலை பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துவிடுவேன். பிரேக் என்றாலே "பேட் தேய்ந்துவிட்டதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்வது கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். சத்தமில்லாமல் கெடுபவை பிரேக் ஆயிலும், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிபர் நகர்வதற்கான பின்களும்தான்.

முதலில் ஆயில். பெடலை மிதிக்கும் விசையைச் சக்கரம் வரை கொண்டுபோவது இந்தத் திரவம்தான். திரவம் அமுங்காது, அதனால்தான் மிதித்தவுடன் பிடிக்கிறது. ஆனால் டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகள் இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 வரை இறங்கலாம். டாட் 3 என்றால் புதிதில் 205, ஈரம் சேர்ந்தபின் 140. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் காலிபர் சூடேறி, பழைய ஆயில் உள்ளேயே கொதிக்கும். ஆவி அமுங்கும் என்பதால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. அதனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் ஆயில் குழாயிலும் சிக்கிய காற்றை வெளியேற்றிவிடச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் பெடல் இறுகுவது காலுக்கே தெரிகிறது. இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினை வைத்தே வேகத்தைப் பிடிப்பதும் பழக்கமாகிவிட்டது.

ஆயில் டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். ஆகவே அளவு மெதுவாக இறங்கினால் பேட் தேய்கிறது என்று அர்த்தம். திடீரென்று இறங்கினால் கசிவு. அப்போது வண்டியை எடுக்கவே கூடாது. நிரப்பி வைத்துவிட்டால் இந்தத் தகவல் போய்விடும். புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வழிந்து பெயிண்டையும் அரித்துவிடும்.

அடுத்தது காலிபர் பின்கள். பெரும்பாலான கார்களில் காலிபரின் ஒரு பக்கம்தான் பிஸ்டன் இருக்கும். அது உள் பேடை அழுத்தும்போது காலிபர் பின்களின் மேல் நகர்ந்து வெளி பேடையும் இழுத்து அழுத்துகிறது. அந்தப் பின்கள் காய்ந்து இறுகினால் காலிபர் நகராது, உள் பேட் மட்டும் வேகமாகத் தேயும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் வெளி பேட் நன்றாகத்தான் தெரியும், அதை நம்பக்கூடாது. பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் நான் மாற்றிவிடுகிறேன். அப்போதே பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிப் பின்னைப் பிடித்துக்கொள்ளும்.

மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாததுதான் காரணம். டிஸ்க் பொருந்தும் ஹப்பில் துரு இருந்தாலும், வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முறுக்கினாலும் நாளடைவில் இது வரும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனால் கடைசல் பிடிப்பதில் பயனில்லை.

பின்பக்க டிரம் அதிகம் தொல்லை தருவதில்லை. கழுவிவிட்டு ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் மட்டும் உள்ளே இருக்கும் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டால் போதும்.

மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டரைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். என்ஜின் அணைந்திருக்கும்போது பெடல் கல்லாகும்வரை சில முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வேக்குவம் ஹோஸிலிருந்து பார்க்கத் தொடங்கச் சொல்லுங்கள்.