பல்கலைக்கழக ஒப்பந்தப் பிரிவு: கோப்பு கொடுக்கும் முன் படியுங்கள்

தஞ்சாவூர் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இந்தப் பிரிவு கோர்ட்டுக்குப் போவதில்லை. ஒப்பந்த வேலை மட்டும்தான். வேலை சுத்தம், வேகம் சுமார். 5-க்கு 4 தரலாம்.

விதை விஷயத்தில் ஆட்கள் கெட்டி. மாப்பிள்ளைச் சம்பா விதையை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டால், முதல் கேள்வியே சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணைய அனுமதி எங்கே என்பதுதான். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, பெறுகிற வெளிநாட்டு நிறுவனம் அதை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். பேராசிரியர்களுக்கு எரிச்சல் வரும். ஆனாலும் பிரிவு பிடிக்கும் பிடி சரியே.

கம்பெனி பணத்தில் நடக்கும் ஆய்வென்றால் இழுபறி இரண்டு இடத்தில்: காப்புரிமை யாருக்கு, கட்டுரையை எத்தனை நாள் நிறுத்திவைப்பது. விண்ணப்பத்துக்கு முன்பே கட்டுரை வெளிவந்தால் பெரும்பாலும் காப்புரிமை கைநழுவிவிடும். அதனால் இங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

கேன்டீன் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் வரும்; ஓராண்டைத் தாண்டினால் கட்டாயப் பதிவு.

வரைவை பிடிஎஃப்பாகக் கொடுத்தால் திருத்த முடியாமல் கோப்பு அப்படியே கிடக்கும். வேர்டில் கொடுங்கள், தொகை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டு வந்த தாள் திரும்பிவிடும், பதிவாளர்தான் போட வேண்டும். நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில் மட்டும் போகாதீர்கள்.