84 குளிசை: ஹெப்பரைற்றிஸ் சி மருந்து வன்னி வீட்டில் எப்படி நடக்கும்?

ஹெப்பரைற்றிஸ் சி, ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய். அதற்கான குளிசையில் இருப்பவை: சோபோஸ்புவிர் 400 மில்லிகிராம், வெல்பற்றாஸ்விர் 100 மில்லிகிராம். இரண்டும் ஒரே குளிசைக்குள். போத்தலுக்கு 28, மொத்தம் மூன்று போத்தல், 12 கிழமை, நாளுக்கு ஒன்று. சாப்பிட்டும் எடுக்கலாம், சாப்பிடாமலும் எடுக்கலாம். வைரசின் 1 தொடக்கம் 6 வரையான வகை எல்லாவற்றுக்கும் கேட்கும். ஈரல் முற்றாகக் கெடாதவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் அடியோடு போய்விடும். முன்பு இருந்த இன்டர்பெரோன் ஊசியோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்: 24 அல்லது 48 கிழமை ஊசி, காய்ச்சல், மனச்சோர்வு, கடைசியில் முதலாம் வகைக்காரரில் பாதிப் பேருக்குத்தான் சுகம். இந்தக் குளிசைக்குத் தலையிடி, களைப்பு, கொஞ்சம் ஓங்காளம், அவ்வளவுதான்.

மருந்தில் குறை பிடிக்க அதிகமில்லை. காரியத்தைக் கெடுப்பது கூடவே விழுங்கும் மற்றக் குளிசைகள்.

முதலாவது காஸ்ரிக் குளிசை. வன்னியில் எந்தப் பாமசியிலும் கேட்டவுடன் ஒமிப்பிரசோல் கிடைக்கும். பலருக்கு அது மருந்து என்ற நினைப்பே இல்லை, கிளினிக்கில் 'வேறு ஏதும் குடிக்கிறியளோ' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். வெல்பற்றாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமிப்பிரசோல் அமிலத்தைக் குறைத்தால் மருந்து இரத்தத்துக்குப் போதியளவு போகாது, வைரஸ் தப்பிவிடும். நிறுத்தவே முடியாதவர்கள் ஹெப்பரைற்றிஸ் குளிசையைச் சாப்பாட்டோடு முதலில் எடுத்து, நாலு மணித்தியாலம் கழித்து ஒமிப்பிரசோல் 20 மில்லிகிராம் மட்டும் எடுக்க வேண்டும், அதுவும் வைத்தியருக்குச் சொல்லிவிட்டு. நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி மருந்துக்கும் நாலு மணித்தியால இடைவெளி வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு குளிசையான பமோற்றிடின் பரவாயில்லை, ஒருவேளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டாமல், நாளுக்கு இரண்டு வேளை வரை.

இரண்டாவது வலிப்புக் குளிசை. தலைக்குள் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் இங்கே குறைவில்லை, அவர்களில் பலர் பெனிற்றோயினோ கார்பமசெப்பினோ எடுக்கிறார்கள். இவற்றோடு இந்தக் குளிசை சேரவே கூடாது. இவை உடலைத் தூண்டி, ஹெப்பரைற்றிஸ் குளிசையை வேகமாக உடைத்து வெளியேற்ற வைத்துவிடும். அதற்காக வலிப்பு மருந்தைத் தாங்களாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. முதலில் வலிப்புக்கு வேறு மருந்து மாற்றி, பிறகுதான் 84 ஐத் தொடங்க வேண்டும். காசநோய்க்கான றிபாம்பிசினுக்கும் இதே தடை. இதயத்துடிப்புக்கு அமியோடறோன் எடுப்பவருக்குத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

தொடங்குமுன் என்ன பார்க்க வேண்டும்? வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது, அது சுகமான பிறகும் ஆயுளுக்கும் பொசிற்றிவ் என்றே காட்டும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று சொல்வது ஆர்என்ஏ சோதனை. ஹெப்பரைற்றிஸ் பி சோதனையைக் கட்டாயம் கேளுங்கள், இரண்டும் உள்ளவருக்கு சி அடங்கும்போது பி கிளம்பி ஈரலைத் தாக்கலாம். ஈரல் சுருங்கியிருக்கிறதா என்று சாதாரண இரத்தச் சோதனையிலேயே ஊகிக்கலாம்: ஏஎஸ்ரி (ஈரல் நொதி) அளவை அந்த ஆய்வுகூடம் சாதாரணம் என்று குறிக்கும் உச்ச அளவால் பிரித்து, 100 ஆல் பெருக்கி, பிளேற்லெற் (இரத்தத்தை உறைய வைக்கும் அணு) எண்ணிக்கையால் (ஆயிரத்தில்) பிரியுங்கள். ஏஎஸ்ரி 100, உச்சம் 40, பிளேற்லெற் 1,00,000 என்றால் விடை 2.5. இரண்டைத் தாண்டினால் சிறோசிஸ், அதாவது ஈரல் சுருக்கம், என்ற சந்தேகம் பலம். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு றிபாவிரின் என்ற இன்னொரு வைரஸ் மருந்தும் சேர்ப்பார்கள். அது இரத்தச்சோகை தரும், கருவையும் பாதிக்கும், மருந்து முடிந்து, எடுத்தவர் ஆண் என்றால் ஆறு மாதம், பெண் என்றால் ஒன்பது மாதம் வரை கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

வைக்கும் இடம் சின்ன விசயம்போலத் தெரியும். போத்தலில் 30 பாகைக்குக் கீழ் என்றிருக்கும், தகரக் கொட்டிலுக்குள் சித்திரை வைகாசி மத்தியானம் அதைத் தாண்டும். கூரைக்கு அண்டிய தட்டு வேண்டாம், மோட்டார்சைக்கிள் பெட்டி வேண்டவே வேண்டாம். உள்ளறையில், கீழே, அதே போத்தலில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். மாரியில் இன்னொரு தொல்லை: கார்த்திகை மார்கழியில் குளம் வான் பாய்ந்து முல்லைத்தீவுப் பக்க வீதி மறித்தால் கிளினிக்குக்குப் போக முடியாது. ஒரு கிழமைக் குளிசை மிச்சமிருக்கும்போதே அடுத்த போத்தலை வாங்கிவிடுங்கள். ஒருநாள் மறந்தால் 18 மணித்தியாலத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே எடுக்கலாம், அதைத் தாண்டினால் அடுத்த நேரத்துக்கு ஒன்றுதான், இரட்டிப்பு வேண்டாம். விழுங்கி மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொன்று எடுங்கள்.

விலைக்கு ஒரு வார்த்தை. 2013 இல் சோபோஸ்புவிர் அமெரிக்காவில் வந்தபோது ஒரு குளிசை 1,000 டொலர். 2014 இல் அதைத் தயாரித்த கிலியட் நிறுவனம் இந்தியக் கம்பனிகளுக்கு உரிமம் கொடுத்த பிறகுதான் நம்மைப்போன்றவர்களுக்கு எட்டும் விலைக்கு வந்தது. பெயர் தெரியாத இணையக் கடையில் மலிவாகக் கண்டால் தொடவேண்டாம்.

களைப்பால் வயலுக்குப் போகாதவரைச் சோம்பேறி என்பதும், தனிக் கோப்பை கொடுத்து ஒதுக்குவதும் நோயைவிடக் கொடுமை. ஒரே தட்டில் சாப்பிட்டால் இது தொற்றாது, இரத்தத்தால்தான் தொற்றும். சவர அலகு, பற்தூரிகை, பச்சை குத்தும் ஊசி இவைதான் தனியாக இருக்க வேண்டியவை. கீழ்க்காய்நெல்லிச் சாறு இந்த வைரசை அழிக்காது. கசிப்புச் சாராயம் ஈரலை மிச்சமும் தின்னும்.

பலர் தவறவிடுவது கடைசிச் சோதனையை. 84 முடிந்து 12 கிழமை கழித்து ஆர்என்ஏ பார்த்து, இல்லை என்றால்தான் சுகம். சிறோசிஸ் இருந்தவர்கள் அதன் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கான் எடுக்க வேண்டும், வைரஸ் போனாலும் புற்றுநோய் ஆபத்து முழுதாகப் போவதில்லை.