புயலுக்கு முந்தின நாள் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஐப்பசி அடைமழை ஆரம்பித்துவிட்டது. கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தியில் சொன்னதுமே பால் பாக்கெட், மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன் என்று எல்லோரும் கடைக்கு ஓடுவோம். அந்த அவசரத்தில்தான் 2023 டிசம்பரில் நான் ஏமாந்தேன்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்ததே 2016 வர்தா புயலில் பட்ட பாட்டுக்கு அப்புறம்தான். அப்பாவுக்கு வீசிங். மழைக்குளிர் ஏறினால் ராத்திரியில் இரண்டு தடவையாவது நெபுலைசர் வைக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். பழைய பேட்டரி வயதாகி இரண்டு மணி நேரம்தான் தாங்கியது. மிக்ஜாம் புயல் வருகிறது என்றதும் டிசம்பர் 1-ந் தேதி வெள்ளிக்கிழமை, பக்கத்திலேயே இருக்கிற ஒரு கடைக்குப் போனேன். வாசலில் கூட்டம். "அக்கா, 150 ஏஹெச் இது ஒண்ணுதான் இருக்கு, நாளைக்கு விலை ஏறிடும், பழசைக் கொடுத்துட்டா 13,500 போதும், பில் போட்டா 28 சதவீதம் வரி சேரும், எஸ்டிமேட் தரேன்" என்று கடைக்காரர் ஒரே மூச்சில் சொன்னார். ஏஹெச் என்பது பேட்டரி எவ்வளவு தாங்கும் என்கிற அளவு, எஸ்டிமேட் என்பது பில்லுக்குப் பதிலாக விலையை எழுதித் தரும் சீட்டு. சரி என்றேன். அன்று சாயங்காலமே இரண்டு பையன்கள் கொண்டுவந்து மாட்டினார்கள். மெயினை அணைத்து ஐந்து நிமிடம் லைட் எரிவதைக் காட்டினார்கள். பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதை விட்டதுதான் இன்று வரைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஞாயிறு ராத்திரி மழை பிடித்தது. திங்கள் விடியற்காலை கரண்ட் போனது, தெருவில் முழங்கால் வரை தண்ணீர். ஒரு ஃபேன், இரண்டு லைட்தான் ஓடிக்கொண்டிருந்தன. இருபது நிமிடத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஃபேனை நிறுத்தினோம், லைட்டை நிறுத்தினோம், நெபுலைசரை மட்டும் போட்டோம். மருந்து பாதி கரைவதற்குள் மெஷின் முனகி நின்றுவிட்டது. அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் மேலே ஏற, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் ஆட்டோ கிடையாது, ரோடே தெரியவில்லை. இன்ஹேலரை அடித்துவிட்டு, நானும் தம்பியும் அவரைக் கைத்தாங்கலாக மாடிப்படி ஏற்றி மேல் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அந்த அக்கா தன் வீட்டு ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நெபுலைசருக்கு மட்டும் பிளக் கொடுத்தார். கைக்குழந்தை இருக்கிற வீடு அது. புதன்கிழமை கரண்ட் வரும் வரைக்கும் அவர்கள் பேட்டரியில்தான் அப்பா மூச்சு விட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பேட்டரி மேலே இருந்த ஸ்டிக்கர் மூலையை நகத்தால் சுரண்டினார். பிசின் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர், இரண்டு வருடம் முந்தின மாதத்தோடு. மூடியில் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வாரண்டி கார்டில் எழுதியிருந்த நம்பர் வேறு ஏதோ பேட்டரியுடையது. பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தார். முழு சார்ஜில் 1240 பக்கம் காட்ட வேண்டியது, 1100-ஐத் தாண்டவில்லை. உறிஞ்சி எடுத்த தண்ணீர் கறுப்பாக வந்தது. "பிளேட் எல்லாம் கொட்டிப் போச்சும்மா, இதுக்கு உங்க பழசே தேவலை" என்றார்.

கடைக்காரர் முதலில், வெள்ளத்தில் நனைந்திருக்கும் என்றார். நாங்கள் இருப்பது முதல் மாடி என்றேன். அப்புறம் எஸ்டிமேட்டைக் கேட்டார், கொடுத்தேன். "இதுல எங்க கடை பேர் எங்க இருக்கு?" என்றார். நிஜமாகவே இல்லை, வெறும் துண்டுச்சீட்டு. போனில் அனுப்பிய பணமும் கடை பேருக்குப் போகவில்லை, யாரோ ஒருவர் பேருக்குப் போயிருந்தது. பத்து தடவை நடந்து அலைந்ததில் 4,000 திரும்பி வந்தது, அவ்வளவுதான். 1915 நுகர்வோர் உதவி எண் பற்றியும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார் கட்டணமே இல்லை, 2 வருடத்துக்குள் புகார் போட வேண்டும் என்பது பற்றியும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தாலும் என் கையில் பில் இல்லை. வரியை மிச்சம் பிடிக்கப் போய் அதை நானே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

தயவுசெய்து பேட்டரியை வெயில் காலத்திலேயே மாற்றிவிடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள், கடையில் நின்றபடியே அந்த நம்பரைக் கம்பெனி கஸ்டமர் கேரில் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் மாட்டியதும் ஐந்து நிமிடம் போதாது, இரண்டு ஃபேனைப் போட்டு ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். அது ஓடி முடிகிற வரைக்கும் பழைய பேட்டரி வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, பையன்கள் அவசரப்படுத்தினால் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேற்று அந்தக் கடை வழியாகத்தான் வந்தேன். வாசலில் மழைக்கால எக்ஸ்சேஞ்ச் என்று போர்டு தொங்குகிறது. உள்ளே சுவர் ஓரமாகப் பழைய பேட்டரிகள் வரிசையாக நிற்கின்றன, துடைத்துப் பளபளவென்று, ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லாமல்.