ஃபோட்டானை எண்ணுவதா, கட்டத்தைப் பார்ப்பதா?

டர்பனில் எங்கள் ஆய்வகத்தில் கரும்புத் தண்டை மெல்லிய சீவலாக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், சாயம் எதுவும் போடாமலே ஒளிர்கிறது. செல் சுவரைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் செய்யும் வேலை. ஆனால் ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே லிக்னின் அதிகமா, சீவல்தான் தடிமனா? பிரகாசத்தை மட்டும் பார்த்தால் பிடிபடாது. தூண்டப்பட்ட மூலக்கூறு ஒளியை உமிழுமுன் சராசரியாகக் காத்திருக்கும் நேரம்தான் ஒளிர்வு ஆயுள். அதற்குத் தடிமன் பொருட்டில்லை. மூலக்கூறின் சுற்றுப்புறம் மாறினால் அது மாறும்.

அதை அளக்க முதல் வழி, ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாக எண்ணுவது. லேசர் துடிப்புக்கும் ஃபோட்டான் வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டே போனால், ஒளிர்வு எப்படி மங்குகிறது என்று காட்டும் தேய்வு வளைகோடு தானாக உருவாகும். மங்கலான மாதிரிக்கு இதை மிஞ்ச ஆளில்லை. இரண்டு ஆயுள்கள் கலந்திருந்தாலும், போதிய ஃபோட்டான்கள் சேர்ந்தால் பிரித்துக் காட்டிவிடும். பொறுமைதான் விலை. 40 மெகாஹெர்ட்ஸ் லேசரில் (நொடிக்கு 4 கோடி துடிப்பு), நூறு துடிப்புக்கு ஒரு ஃபோட்டான் என்ற பாதுகாப்பான வேகத்தில் போனால் நொடிக்கு 4 லட்சம் ஃபோட்டான். 512-க்கு 512 படத்தில் சுமார் 2.6 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு நூறு ஃபோட்டான் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். படத்தை 256-க்கு 256 ஆகக் குறைத்தால் கால்வாசி நேரம் போதும்.

அவசரப்பட்டு லேசரைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை நானே செய்து கற்றேன். 4 நானோ நொடி ஆயுள் வரவேண்டிய ஃப்ளோரசின் என்ற சாயத்தின் கரைசல் 3-க்குக் கீழே இறங்கியது. "அண்ணா, கரைசல் கெட்டுப்போச்சா?" என்று மாணவி கேட்டாள். கரைசல் நன்றாகத்தான் இருந்தது. டர்பனின் வார்விக் மினிபஸ் டாக்சி ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியிலும் முதலில் இறங்குபவரின் நேரத்தை மட்டும் எழுதும் கணக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறைய ஆள் வந்தால், எல்லோரும் சட்டென்று இறங்கிவிட்டதாகவே ஏடு சொல்லும். எங்கள் பழைய எண்ணும் அட்டையும் அப்படித்தான், துடிப்புக்கு ஒரு ஃபோட்டானைத்தான் பார்க்கும். புதிய கருவிகள் இதில் தேவலை.

இரண்டாவது, கட்ட முறை. கட்டம் (phase) என்றால், அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. ஒளியை சைன் அலையாக ஏற்றி இறக்கினால், ஒளிர்வும் கொஞ்சம் பின்தங்கியபடி ஏறி இறங்கும். அந்தப் பின்தங்கலே விடை. 40 மெகாஹெர்ட்ஸில் 4 நானோ நொடி ஆயுள் ஏறத்தாழ 45 டிகிரி பின்தங்கும். ஏற்ற இறக்கத்தின் ஆழமும் 71 சதவீதமாகக் குறையும். கேமரா எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் படிப்பதால், அசையும் உயிர்ச்செல்லுக்கு இதுதான் சரி. ஆனால் ஆயுள்கள் கலந்திருந்தால் கட்டம் ஓர் எண்ணைச் சொல்லும், ஆழம் அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்லும். அந்த முரண்பாடே கலப்பு இருப்பதற்கு அடையாளம் என்பது வேறு விஷயம். கட்டத்தையும் ஆழத்தையும் சேர்த்து ஒரே புள்ளியாகக் குறிக்கும் ஃபேசர் வரைபடத்தில் போட்டால் ஒற்றை ஆயுள் அரைவட்டக் கோட்டின் மேல் விழும், கலவை அதற்கு உள்ளே விழும். எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான்.

மூன்றாவது, துடிப்புக்குப் பின் இரண்டு சிறு நேர ஜன்னல்களை மட்டும் திறந்து பார்ப்பது. 2 நானோ நொடி இடைவெளியில் 1000, 607 ஃபோட்டான் என்று கிடைத்தால் ஆயுள் 4 நானோ நொடி, கணக்கு அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே விழும் ஃபோட்டானெல்லாம் வீண். எங்கள் மங்கலான சீவலுக்கு அது கட்டுப்படியாகாது.

கரும்புச் சீவல் எங்கும் ஓடிப்போகாது, அதனால் நாங்கள் எண்ணும் முறையிலேயே இருக்கிறோம். லோட் ஷெட்டிங் காலத்தில்தான் தலைவலி. கரண்ட் போய் வந்தால் லேசர் நிதானத்துக்கு வரக் காத்திருந்து, கருவியின் சொந்தத் தாமதத்தை மறுபடி அளக்கவேண்டும். அப்புறம் ஒரு துளி ஃப்ளோரசின். அது 4 காட்டுகிற வரை சீவலை மேடையில் வைப்பதில்லை.